ஆலை ஏன் நாடு மாறுகிறது? ஒரு கணக்கும் அதில் இடம்பெறாத வரிகளும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்றொரு ஊர் உண்டு. சுமார் 33,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் மேடேக் நிறுவனத்தின் குளிர்பதனப் பெட்டி ஆலை இயங்கிவந்தது. ஆலையை மூடிவிட்டு உற்பத்தியை மெக்சிகோவின் ரெய்னோசா நகருக்குக் கொண்டுபோகப்போவதாக 2002 அக்டோபரில் நிறுவனம் அறிவித்தது. 2004 செப்டம்பரில் ஆலை நின்றது. ஏறத்தாழ 1,600 வேலைகள் போயின. குளிர்பதனப் பெட்டிகளை மக்கள் வாங்குவது குறைந்துவிடவில்லை. அதே நாட்டுக் கடைகளில் அவை தொடர்ந்து விற்றுக்கொண்டுதான் இருந்தன. அவை செய்யப்படும் இடம்தான் மாறியிருந்தது.

நொடித்துப்போன ஆலை மூடப்படுவது ஒரு வகை. அங்கே செய்யும் பொருளை வாங்க ஆளில்லை, அல்லது கடன் கழுத்தை நெரிக்கிறது. மூடல் துயரமானது என்றாலும் அதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். பொருள் விற்றுக்கொண்டிருக்கும்போதே, சில வேளைகளில் நிறுவனம் நல்ல லாபத்தில் இருக்கும்போதே, ஒரு ஆலை மூடப்பட்டு அதே வேலை வேறு நாட்டில் தொடங்குவது இன்னொரு வகை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

முதலில் சில சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அன்றாடப் பேச்சில் இவை ஒன்றோடொன்று கலந்தே புழங்குகின்றன. கதவடைப்பு என்பது தொழில் தகராறு ஒன்றின்போது தொழிலாளரைப் பணியவைப்பதற்காக நிர்வாகம் தற்காலிகமாக ஆலையைச் சாத்திவைப்பது. தகராறு தீர்ந்தால் கதவு திறக்கும். ஆட்குறைப்பில் ஆலை ஓடிக்கொண்டிருக்கும், ஒரு பகுதியினர் மட்டும் வேலையிலிருந்து நீக்கப்படுவார்கள். ஆலை மூடலில் திரும்பத் திறக்கும் எண்ணமே கிடையாது. அதேபோல, ஒரு வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது அவுட்சோர்சிங். அந்த நிறுவனம் அடுத்த தெருவில்கூட இருக்கலாம். வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது ஆஃப்ஷோரிங். அதைத் தன் சொந்தக் கிளை ஆலையிலேயே ஒரு நிறுவனம் செய்துகொள்ளலாம். இரண்டும் சேர்ந்து நடப்பதும் உண்டு: வெளிநாட்டில் உள்ள ஒப்பந்த நிறுவனம் பொருளைச் செய்துதர, இங்குள்ள நிறுவனம் தன் பெயரை மட்டும் அதில் பொறித்து விற்கும்.

கூலி மட்டுமா காரணம்?

'அங்கே கூலி குறைவு, அதனால் போகிறார்கள்' என்பதே பலரும் சொல்லும் விடை. அது பாதி விடைதான். கூலி ஒன்றே தீர்மானிப்பதாக இருந்தால் உலகின் ஆலைகள் எல்லாம் மிகக் குறைந்த கூலி உள்ள நாடுகளில் என்றோ குவிந்திருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. நிறுவனம் பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கான கூலியை அல்ல, ஒரு பொருளின் மேல் விழும் கூலியை. இதைச் சிறு கணக்கு ஒன்றின் வழியாகப் பார்த்துவிடலாம். எண்கள் என் கற்பனை. பணம் எந்த நாட்டுடையதாகவும் இருக்கலாம் என்பதால் 'காசு' என்றே வைத்துக்கொள்வோம்.

பம்பு செய்யும் ஆலை ஒன்று பழைய ஊரில் இருக்கிறது. அங்கே மணிக்கு 30 காசு கூலி. நல்ல இயந்திரங்களும் தேர்ந்த கைகளும் இருப்பதால் ஒரு தொழிலாளி மணிக்கு 3 பம்புகள் செய்கிறார். ஆகவே ஒரு பம்புக்கு விழும் கூலி 10 காசு. புதிய ஊர் வேறு நாட்டில் இருக்கிறது. அங்கே மணிக்கு 4 காசுதான் கூலி, ஆனால் தொடக்கத்தில் மணிக்கு ஒரு பம்புதான் வருகிறது. எனவே ஒரு பம்புக்குக் கூலி 4 காசு. கூலி விகிதத்தைப் பார்த்தால் ஏழரை மடங்கு வித்தியாசம். பொருள்வாரியாகப் பார்த்தால் அது இரண்டரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது. இதோடு முடியவில்லை. புதிய ஊரிலிருந்து பம்பைக் கப்பலேற்றிச் சந்தைக்குக் கொண்டுவர 2 காசு, எல்லையில் சுங்கவரி 3 காசு என்று வைத்தால் மொத்தம் 9 காசு ஆகிறது. பழைய ஊரில் 10, புதிய ஊரில் 9. மிச்சம் ஒரு பம்புக்கு ஒரே ஒரு காசு.

ஆண்டுக்கு 10 லட்சம் பம்புகள் விற்கின்றன என்றால் சேமிப்பு ஆண்டுக்கு 10 லட்சம் காசு. பழைய ஆலையை மூட இழப்பீடு கொடுக்க வேண்டும், இயந்திரங்களைப் பிரித்து அனுப்ப வேண்டும், புதிய இடத்தில் ஆட்களைப் பழக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு தடவைச் செலவாக 50 லட்சம் ஆகும் என்றால், போட்டதை எடுக்கவே ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் நாணய மதிப்பு மாறலாம், கூலி உயரலாம், கப்பல் கட்டணம் ஏறலாம். நிதானமான மேலாளர் ஒருவர் இந்த வேலையில் இறங்கமாட்டார். இப்போது இரு நாடுகளும் வணிக உடன்பாடு செய்துகொண்டு அந்த 3 காசு சுங்கவரியை நீக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு ஒரு பம்புக்கு 4 காசு, ஆண்டுக்கு 40 லட்சம் ஆகிவிடும். போட்ட 50 லட்சம் பதினைந்தே மாதங்களில் திரும்பிவிடும். கூலி எங்கேயும் மாறவில்லை, ஆனால் முடிவு தலைகீழாகிவிட்டது.

உண்மை உலகிலும் மாற்றங்கள் இப்படித்தான் வந்தன. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்த நாஃப்டா வணிக உடன்பாடு 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சீனா 2001 டிசம்பர் 11 அன்று உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. துணிக்கும் ஆயத்த ஆடைக்கும் நாடுவாரியாக விதிக்கப்பட்டிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் 2005 ஜனவரி 1 அன்று முற்றாக நீங்கின. சீனத்திலும் மெக்சிகோவிலும் கூலி இந்தத் தேதிகளுக்கு முன்பும் குறைவாகத்தான் இருந்தது.

கணக்கில் இருக்கும் அந்த 2 காசு போக்குவரத்துச் செலவுக்கும் ஒரு வரலாறு உண்டு. மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபர் 1956 ஏப்ரலில் 58 பெட்டகங்களை (கன்டெய்னர்களை) ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றியபோது டன்னுக்கு 5.86 டாலர் ஆன ஏற்றுக்கூலி, கன்டெய்னர் முறையில் 16 சென்ட்டாக இறங்கியது. சரக்குப் போக்குவரத்தில் நடந்த இந்த மாற்றம் இல்லாமல், ஓர் உதிரிபாகத்தை ஒரு நாட்டில் வார்த்து, இன்னொரு நாட்டில் கடைந்து, மூன்றாவது நாட்டில் பூட்டும் இன்றைய ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆனால் ஆலை மூடல் பற்றிய பேச்சில் உடன்பாடுகளைத் திட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். கன்டெய்னரைத் திட்டியவரை நான் பார்த்ததில்லை.

கணக்கின் மற்ற உருப்படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய நாட்டு அரசு நிலத்தையும் வரிச்சலுகையையும் கொடுக்கலாம். உதிரிபாகம் செய்பவர்கள் ஏற்கெனவே அங்கே கூடியிருக்கலாம். ஒரு திருகாணிக்காகக் கடல் கடந்து ஆணை கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே பெரிய ஈர்ப்பு. எதிர்ப்பக்கத்தில், கப்பலில் வாரக்கணக்கில் மிதக்கும் சரக்கில் மூலதனம் முடங்குகிறது, தரக் குறை தெரியவரும்போது அடுத்த பல்லாயிரம் உருப்படிகள் கடலில் வந்துகொண்டிருக்கின்றன. வெளிநாடு போன பிறகு கைச்சேதப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த எதிர்ப்பக்க உருப்படிகளைக் குறைத்து மதிப்பிட்டவையே.

மூடல் எப்படி நெருங்கி வருகிறது

அறிவிப்பு ஒரு நாளில் வருகிறது என்றாலும் மூடல் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கும். தேய்ந்த இயந்திரத்துக்குப் பதில் புதியது வராது. ஒட்டுப்போட்டு ஓட்டச் சொல்வார்கள். அடுத்த மாடலை எந்த ஆலைக்குக் கொடுப்பது என்ற தீர்மானம்தான் உண்மையில் ஓர் ஆலையின் ஆயுளைக் குறிக்கும் தீர்மானம். அது தலைமை அலுவலகத்தில், மூடலுக்கு மிக முன்பே எடுக்கப்பட்டுவிடும். புதிய மாடல் கிடைக்காத ஆலை பழைய மாடல் விற்கும்வரை ஓடும், பிறகு 'திறன் குறைந்த ஆலை' என்று பெயரெடுக்கும். முதலீடு செய்யாமல் விட்ட இடத்தில் திறன் குறைந்தது என்று குறைகூறுவது, தண்ணீர் பாய்ச்சாத வயலில் விளைச்சல் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பானது.

சில சமயம் பேச்சுவார்த்தையும் நடக்கும். மிச்சிகன் மாநிலத்தின் கிரீன்வில் என்ற சிற்றூரில் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனத்தின் குளிர்பதனப் பெட்டி ஆலையில் 2,700 பேர் வேலை செய்தார்கள். உற்பத்தியை மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெசுக்கு மாற்றும் எண்ணம் வெளிப்பட்டபோது மாநில அரசும் ஊரும் வரிச்சலுகை தர முன்வந்தன, தொழிற்சங்கம் ஊதியத்தில் விட்டுக்கொடுக்க முன்வந்தது. ஆனாலும் 2006-இல் ஆலை மூடப்பட்டது. நம் பம்புக் கணக்கைக் கொண்டு பார்த்தால் இதில் வியப்பில்லை. ஒரு பம்புக்கு 4 காசு இடைவெளி இருக்கும்போது அதை ஈடுசெய்ய, 10 காசில் 4 காசை, அதாவது கூலியில் நாற்பது விழுக்காட்டைத் தொழிலாளர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதன் பிறகும் புதிய ஊரின் கைகள் பழகப் பழக அங்கே மணிக்கு ஒன்று என்பது ஒன்றரை ஆகும், இடைவெளி மறுபடி திறக்கும்.

கணக்கில் எழுதப்படாத வரிகள்

இப்போது அதே பம்பு ஆலையை நிறுவனத்தின் பேரேட்டிலிருந்து அல்லாமல் ஊரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஆண்டுக்கு 10 லட்சம் பம்புகள், பம்புக்கு 10 காசு கூலி. ஆக ஆலை ஊருக்குள் ஆண்டுக்கு 1 கோடி காசு கூலியாக விடுகிறது. ஒருவர் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் உழைக்கிறார் என்று வைத்தால் இது சுமார் 167 பேருக்கு முழுநேர வேலை. ஆலை போனால் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 40 லட்சம் மிச்சம். ஊருக்கு 1 கோடி கூலி நின்றுபோகிறது. நாற்பதைச் சேமிக்க நூறு அழிகிறது என்று இதைப் பார்த்தவுடன் தோன்றும். பொருளியலாளர்கள் உடனே மறுப்பார்கள், அந்த மறுப்பில் நியாயம் உண்டு: வேலை இழந்தவர்கள் காலமெல்லாம் சும்மா இருக்கமாட்டார்கள், வேறு வேலைக்குப் போவார்கள், ஆகவே உண்மையான இழப்பு பழைய கூலிக்கும் புதிய கூலிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. எல்லோரும் உடனடியாக, பழைய கூலியில் முக்கால் பங்குக்கு வேலை பெற்றுவிட்டால் ஊரின் இழப்பு ஆண்டுக்கு 25 லட்சம்தான். நிறுவனத்தின் 40 லட்சத்தை விட அது குறைவு. மாறாக, பாதிப் பேருக்கு வேலையே கிடைக்காமல் மீதிப் பேருக்கு முக்கால் கூலி கிடைத்தால் இழப்பு 62.5 லட்சம் ஆகிவிடும். உற்பத்தி வெளிநாடு போவது நாட்டுக்கு லாபமா நட்டமா என்ற பெரிய விவாதம், வேலை இழந்தவர் எவ்வளவு காலத்தில், எவ்வளவு கூலிக்கு, மறுபடி வேலைக்குப் போகிறார் என்ற சிறிய கேள்வியில்தான் பெரிதும் நிற்கிறது என்பது என் கருத்து. அந்தக் கேள்வியை விட்டுவிட்டுச் செய்யப்படும் எந்த விவாதமும் காற்றில் கத்தி வீசுவதுதான்.

வணிகத்தால் இரு நாடுகளும் பயன்பெறும் என்ற கோட்பாட்டை 1817-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ விளக்கினார். அவருடைய எடுத்துக்காட்டில் ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், போர்ச்சுகலில் 90 பேர் போதும். திராட்சை மதுவுக்கு இங்கிலாந்தில் 120 பேர், போர்ச்சுகலில் 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகலே திறமை மிக்கது. ஆனாலும் அது மதுவில் மட்டும் கவனம் செலுத்தி, துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இருவருக்கும் நன்மை என்று அவர் காட்டினார். பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ரிக்கார்டோ அதற்கு மேலும் ஒன்று சொன்னார்: இந்த முடிவு நிற்பதற்குக் காரணம், மூலதனம் எளிதில் தன் நாட்டை விட்டுப் போவதில்லை என்பது. சொத்து உள்ளவர்கள் அந்நிய நாட்டில் கூடுதல் லாபம் தேடுவதை விட, தம் நாட்டில் குறைந்த லாபத்தோடு நிறைவடைவார்கள் என்று அவர் எண்ணினார். அந்த உணர்வு தளர்வதைப் பார்க்கத் தமக்கு விருப்பமில்லை என்றும் குறித்தார். நம் கட்டுரையின் பொருளோ மூலதனம் நாட்டை விட்டுப் போவதுதான். அதற்காக ரிக்கார்டோவின் கோட்பாடு பொய்த்துவிடாது. ஆனால் அதை அப்படியே தூக்கி ஓர் ஆலை மூடலின் மேல் வைக்க முடியாது.

1939-இல் நிக்கலஸ் கால்டோர், ஜான் ஹிக்ஸ் என்ற பொருளியலாளர்கள் இதற்கு வேறொரு அளவுகோல் தந்தார்கள்: ஒரு மாற்றத்தால் வென்றவர்கள், தோற்றவர்களின் இழப்பை முழுவதும் ஈடுகட்டிய பிறகும் மிச்சம் வைத்திருக்க முடியுமானால் அது பயனுள்ள மாற்றம். இதில் 'முடியுமானால்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஈடு உண்மையிலேயே கொடுக்கப்பட வேண்டும் என்று இந்த அளவுகோல் கேட்பதில்லை. நம் கணக்கில் 40 லட்சம் வென்ற நிறுவனம் 25 லட்சத்தைத் தொழிலாளருக்குக் கொடுத்துவிட்டு 15 லட்சத்தோடு மகிழ்ச்சியாக இருக்கலாம். கொடுக்காமல் 40 லட்சத்தோடு இன்னும் மகிழ்ச்சியாக இருக்கலாம். அளவுகோலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலை இழந்தவருக்கு என்ன ஆகிறது

அப்படியானால் அந்தச் சிறிய கேள்விக்கு ஆய்வுகள் என்ன விடை தருகின்றன? 1980-களில் பென்சில்வேனியா மாநிலத்தில் பல ஆண்டுப் பணிமூப்பு உள்ள தொழிலாளர்கள் பெருமளவில் வேலை இழந்தபோது, ஜேக்கப்சன், லலோன்ட், சல்லிவன் என்ற மூவர் அவர்களின் வருமானப் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வேலை போய் ஆறாம் ஆண்டிலும் அவர்களின் வருமானம் முன்பிருந்ததைவிடச் சுமார் கால் பங்கு குறைவாகவே இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. இருபது ஆண்டுகள் ஒரே ஆலையில் இருந்தவரின் கூலியில் ஒரு பகுதி, அந்த ஆலையின் இயந்திரங்களையும் அங்குள்ள மனிதர்களையும் அவர் அறிந்திருப்பதற்கான விலை. எந்த இயந்திரம் மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும் என்ற அறிவுக்கு அந்த ஆலைக்கு வெளியே ஒரு காசும் கிடைக்காது.

அதே மாநிலத்தில் சல்லிவனும் வான் வாக்டரும் பின்னர் செய்த ஆய்வு இன்னும் கனமானது. நீண்ட பணிமூப்புள்ள ஆண்கள் வேலை இழந்த உடனடி ஆண்டுகளில் அவர்களின் இறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட 50 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் அது 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாகவே இருந்தது. நிறுவனத்தின் பேரேட்டில் இதற்கு வரியில்லை. பம்பின் விலையிலும் இது சேர்வதில்லை.

வேலை இழப்பு ஒரு ஊரை எப்படி மாற்றும் என்பதற்கு நான் திரும்பத் திரும்ப நினைப்பது வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியன்தால் என்ற சிற்றூரை. அங்கே நெசவாலை மூடியது 1930-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியால், உற்பத்தி வெளிநாடு போனதால் அல்ல. ஆனாலும் ஒரே ஆலையை நம்பியிருந்த ஊர் என்பதால் ஒப்பிடத் தகுந்தது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அடங்கிய குழு அங்கே தங்கி, மனிதர்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தது. நேரம் அளவில்லாமல் கையில் இருந்தது. ஆனால் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நூலகத்தில் கட்டணத்தை நீக்கியும் இரவல் வாங்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வேலை இல்லாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது என்ற எண்ணத்தை அந்த நூலகக் கணக்கு அடியோடு மறுக்கிறது.

ஓர் ஆலையின் மூடல் அதன் மதிலுக்குள் நிற்பதில்லை. உதிரிபாகம் செய்துகொடுத்த சிறு பட்டறைகள், லாரி ஓட்டியவர்கள், உணவு விற்றவர்கள் என்று வரிசையாகப் பாதிக்கப்படுவார்கள்; ஊராட்சிக்கு வரும் வரி சுருங்கும்போது பள்ளிக்கும் சாலைக்கும் பணம் குறையும். வேறு ஊருக்குப் போய்விடலாமே என்ற அறிவுரை எளிதில் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரே நேரத்தில் ஊரில் பலர் வீடு விற்க வந்தால் வீட்டு விலை விழும். வேலை இருக்கும் ஊரிலோ வீட்டு விலை ஏறியிருக்கும். இளையவர்கள் போவார்கள், வீட்டுக்கடன் கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஐம்பது வயதுக்காரர் மாட்டிக்கொள்வார். டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சீன இறக்குமதியோடு மோதிய அமெரிக்க வட்டாரங்களில் இந்தப் பாதிப்பு விரைவில் ஆறிவிடவில்லை என்று காட்டியது. அவர்கள் மூவரும் டேரன் அசெமோக்லு உள்ளிட்டோரும் சேர்ந்து செய்த பின்னைய மதிப்பீட்டின்படி, 1999-க்கும் 2011-க்கும் இடையே அந்தப் போட்டியால் அமெரிக்காவில் இல்லாமல்போன வேலைகள் 20 முதல் 24 லட்சம்.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான எதிர்க்கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. அமெரிக்க உற்பத்தித் துறையில் 2000-இல் சுமார் 1 கோடியே 73 லட்சம் பேர் இருந்தார்கள். 2010-இன் தொடக்கத்தில் அது சுமார் 1 கோடியே 15 லட்சம். குறைந்தது 58 லட்சம். மேற்படி மதிப்பீடோ எல்லாத் துறைகளையும் சேர்த்தே 24 லட்சத்துக்குள் நிற்கிறது. மீதிக்குக் காரணம் 2008-இன் நிதி நெருக்கடி, மற்ற நாடுகளின் போட்டி, மற்றும் இயந்திரமயம். 'வேலையை எடுத்தது ரோபோதான், வெளிநாடு அல்ல' என்று வாதிடுபவர்கள், ஆட்கள் குறைந்தும் உற்பத்தி மதிப்பு ஏறியதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கணினி, மின்னணுத் துறை ஒன்றிலிருந்தே வந்தது என்று பொருளியலாளர் சூசன் ஹவுஸ்மன் காட்டினார். அங்கே கணினியின் திறன் கூடுவதே உற்பத்திக் கூடுதலாகக் கணக்கில் ஏறுகிறது. அந்த ஒரு துறையை நீக்கிப் பார்த்தால் மற்றவற்றின் வளர்ச்சி மிகச் சாதாரணமானதே. இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று தூண்டுவதும் உண்டு: வெளிநாட்டுப் போட்டிக்கு அஞ்சி இயந்திரம் வாங்கிய ஆலையின் வேலை இழப்பை எந்தப் பக்கம் எழுதுவது?

போய்ச் சேரும் இடம்

பம்பு ஆலை போன ஊரையும் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். அங்கே 10 லட்சம் பம்புகளுக்கு 10 லட்சம் மணி நேர உழைப்பு வேண்டும். சுமார் 500 பேருக்கு வேலை, ஆண்டுக்கு 40 லட்சம் காசு கூலி. பழைய ஊரில் 167 வேலைகள் போக, புதிய ஊரில் 500 வேலைகள் வந்திருக்கின்றன. அந்த 500 பேருக்கு மணிக்கு 4 காசு என்பது முன்பு கிடைத்ததைவிடப் பெரும்பாலும் மேலானது. வேலை இழந்தவரின் துயரத்தைச் சொல்லும்போது வேலை பெற்றவரை எதிரியாக்கிவிடும் எழுத்து எனக்கு உடன்பாடானதல்ல.

ஆனால் வந்த ஆலை அங்கேயே நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. நோக்கியா நிறுவனம் பெரும் லாபத்தில் இருந்த நேரத்தில், 2008 ஜனவரியில், ஜெர்மனியின் போஹும் நகரத்தில் இருந்த தன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 2,300 பேர் வேலை இழந்தார்கள்; அந்த ஆலைக்கு அரசு முன்பு கொடுத்திருந்த மானியத்தைத் திருப்பிக் கேட்கும் அளவுக்குக் கோபம் எழுந்தது. உற்பத்தி ருமேனியாவின் ஜுகுவுக்குப் போனது. 2011 செப்டம்பரில் அந்த ஆலையையும் மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. இம்முறை சுமார் 2,200 பேர், வேலை போனது ஆசியாவுக்கு. நான்கு ஆண்டுகள்கூட நிரம்பாத ஓர் ஆலையைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகளும் பயிற்சிப் பள்ளிகளும் வளர்ந்து வேரூன்ற நேரம் ஏது?

இந்த நகர்வு எல்லையில் தொடங்குவதும் இல்லை. வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்த ஆர்.சி.ஏ. நிறுவனம் நியூ ஜெர்சியின் காம்டனிலிருந்து 1940-இல் இண்டியானாவின் ப்ளூமிங்டனுக்கும், 1966-இல் டென்னசியின் மெம்ஃபிசுக்கும், 1968-இல் மெக்சிகோவின் ஹுவாரெசுக்கும் ஆலைகளைக் கொண்டுபோனது. முதல் இரண்டு நகர்வுகள் ஒரே நாட்டுக்குள்தான் நடந்தன. காம்டன் தொழிலாளிக்கு ப்ளூமிங்டன் உள்நாடு என்பதில் எந்த ஆறுதலும் இருந்திருக்காது.

திரும்பி வருமா, தடுக்க முடியுமா

போன ஆலையைத் திரும்ப அழைப்பது, போகாமல் பார்த்துக்கொள்வதைவிடக் கடினம். அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியின் அன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரோபோக்கள் காலணி செய்யும் ஆலைகளைத் தொடங்கியது. உற்பத்தி தாயகம் திரும்புகிறது என்று பேசப்பட்டது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடுவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை வியட்நாமிலும் சீனாவிலும் உள்ள தன் ஒப்பந்த நிறுவனங்களுக்கு மாற்றியது. அச்சு செய்பவர், பசை செய்பவர், துணி நெய்பவர் எல்லோரும் கூடியிருக்கும் இடத்தின் பலத்தை ரோபோவால் மட்டும் ஈடுகட்ட முடியவில்லை.

எனவே பல நாட்டுச் சட்டங்கள் மூடலைத் தடை செய்வதைவிட, அதன் வேகத்தைக் குறைக்கவும் அடியைத் தாங்கவும் முயல்கின்றன. 1997 பிப்ரவரி 27 அன்று பெல்ஜியத்தின் வில்வோர்டே நகரில் சுமார் 3,100 பேர் வேலை செய்த தன் கார் ஆலையை மூடுவதாக ரெனோ நிறுவனம் திடீரென அறிவித்தது. தொழிலாளரோடு முன்கூட்டிக் கலந்து பேசும் கடமையை நிறுவனம் மீறியதாக பெல்ஜிய, பிரெஞ்சு நீதிமன்றங்கள் கூறின. ஆனாலும் ஆலை மூடியே விட்டது. மறு ஆண்டு பெல்ஜியம் இயற்றிய சட்டத்துக்கு மக்கள் வழக்கில் 'ரெனோ சட்டம்' என்றே பெயர். முடிவெடுத்த பிறகு அறிவிக்கக் கூடாது, எண்ணம் தோன்றிய நிலையிலேயே தெரிவித்து, மாற்று வழிகளைக் கேட்டு, பதில் சொல்லிய பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வெளிநாட்டு வணிகத்தால் வேலை இழந்தவருக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தரும் திட்டத்தை அமெரிக்கா 1962-இல் தொடங்கி 1974-இல் விரிவாக்கியது. அதன் அனுமதி முடிந்ததால் 2022 ஜூலையிலிருந்து புதிதாக யாருக்கும் தகுதி வழங்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதே நோக்கத்துக்காக 2007 முதல் தனி நிதி ஒன்றை வைத்திருக்கிறது. என் கணிப்பில் பயிற்சியைவிட முன்னறிவிப்புக்கே மதிப்பு அதிகம்: சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது வேலை தேடுபவரின் பேரம் பேசும் வலு, சம்பளம் நின்ற பிறகு தேடுபவருக்கு இருப்பதில்லை.

அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களிடம் 60 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. கேல்ஸ்பர்க் தொழிலாளருக்குச் சட்டம் கேட்டதைவிட மிக அதிகமாக, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. நம் பம்பு ஆலையை 60 நாள் தாமதமாக மூடினால் நிறுவனம் இழக்கும் சேமிப்பு 7 லட்சம் காசுக்கும் குறைவு. இரண்டு ஆண்டுகள் தாமதித்தால் 80 லட்சம், அதாவது அந்த 167 பேரின் பத்து மாதக் கூலிக்குச் சற்றுக் குறைவு.